இடது காலுக்கு மூன்று, வலது காலுக்கு மூன்று

இன்று மாலை அல்சூர் ஏரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் வைப்பர் அந்தப் பக்கம் போவதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று. இந்தப் பக்கம் திரும்புவதற்குள் நாலு, ஐந்து, ஆறு. வாய்விட்டே எண்ணிவிட்டேன் போல. டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். “ஏனம்மா, வண்டியில ஏதாச்சும் குறையுதா?”

“இல்லப்பா, ஒருத்திய நினைச்சேன்.”

உன்னைத்தான். சர்ச்சில் கொயர் பாட்டுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு இன்றுதான் போனேன். ஏன் நின்றேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கீர்த்தனைகள் காதால் கேட்டு வந்தவை. அந்த வருடம் நீ ஆர்கனில் ஒரு புதுப் பாட்டு எடுத்தாய், குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டு. காகிதத்தில் ஆறின் கீழே எட்டு போட்டிருந்தது. “ஆறு எண்ணணும்” என்றாய். ஆறு என்றதும் எனக்கு ரூபக தாளம்தான். கீர்த்தனைக்குப் போடுவதுபோல முதலில் இரண்டு, பிறகு நாலு என்று தட்டினேன். என் அழுத்தம் மூன்றில் விழுந்தது, உன் ஆர்கன் நாலில் விழுந்தது. பாட்டு நொண்டியது.

நீ வாசிப்பதை நிறுத்தினாய். “ஏண்டி ரோசி, தாலாட்டைக் கல்யாண ஊர்வலம் ஆக்கிட்டியே!”

கொயரே சிரித்தது. உன் தங்கை எஸ்தர் எல்லாரும் ஓய்ந்த பிறகும் சிரித்தாள். மறக்கவில்லை.

திரும்பும் வழியில், மர்பி டவுன் மார்க்கெட் தாண்டி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். “ஆறை விடுடி. அடி ரெண்டுதான். ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு இருக்கு. நட.” இடது கால் வைத்து ஒன்று இரண்டு மூன்று, வலது கால் வைத்து நாலு ஐந்து ஆறு. கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திப் பார்த்தார். “என்னக்கா, ரெண்டு பேருக்கும் கால் சுளுக்கா?”

“எனக்கில்லண்ணே. இவளுக்குத் தாளம் சுளுக்கு.”

அதையும் மறக்கவில்லை. ஆனால் வீடு வருவதற்குள் பாட்டு உடம்பில் இறங்கிவிட்டது. இரண்டை எண்ணினால் போதும், உள்ளே இருக்கிற மூன்றும் தானே வந்துவிடுகிறது.

இரண்டாவது சரணம் நான் தனியாகப் பாட வேண்டும் என்றாய். அடுப்படியிலும் குழாயடியிலும் அதையே பாடினேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்தச் சரணத்துக்கு நான் மூச்சு எடுத்தபோது, நீ எஸ்தரைப் பார்த்துத் தலையை அசைத்தாய். அவள் பாடினாள். “எஸ்தர் பாடறதைக் கேக்க எங்கப்பா வந்திருந்தாருடி” என்றாய் பிறகு. என் வீட்டுக்காரரும்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் நீ வந்தால் காபி கொடுத்தேன். பாட்டுப் பாடவில்லை.

உன்னை அடக்கம் பண்ணின பிறகு, போன வாரம்தான் எஸ்தர் வந்தாள். உட்காரக்கூட இல்லை. “ரோசிக்கா, அக்கா நினைவா ஞாயித்துக்கிழமை அந்தப் பாட்டு வைக்கிறாங்க. ரெண்டாவது சரணம் வந்தா எனக்குத் தொண்டை அடைக்குது. நீங்க பாடுங்க.”

“அன்னிக்கு மட்டும் அடைக்கலியா?”

கேட்காமல் விடுவேனா? அவள் தரையைப் பார்த்தாள். “அது உங்க சரணம்னு அன்னிக்கே தெரியும்க்கா.”

இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அதனால்தான் இன்று போனேன். உன் இடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் வாசிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள், சொல்லத்தான் வேண்டும். முதல் தடவை என் குரல் உடைந்து போனது. ஆனால் அடி தவறவில்லை. மறுபடி பாடியபோது சரணத்தின் நடுவில் எஸ்தர் தணிந்த குரலில் சேர்ந்துகொண்டாள். வா என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள், “இன்னும் என் மேல கோவமாக்கா?”

“கொஞ்சம் இருக்கு. உன் அக்கா மேல அதவிட ஜாஸ்தி.”

சிரித்தாள். உன் சிரிப்பேதான் அவளுக்கும். சிரித்துவிட்டு அழுதாள்.

“ஞாயித்துக்கிழமை நான் பாட முடியாம நடுவுல நிறுத்திட்டேன்னா?”

“என் பக்கத்துல நில்லு” என்றேன். “தொண்டை அடைச்சா என் தோளைப் பாரு. அடிக்கு அடி அது சாயற பக்கம் நீயும் சாஞ்சு வா.”