ஒற்றைத் தலையணை உறை

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டையும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. என் மகனுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகிறது. குழந்தைக்குப் பழைய துணி கொண்டுபோகலாம் என்றுதான் திறந்தேன். அடியில், கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றி, அந்தத் தலையணை உறை இருந்தது. வெள்ளைத் துணி பழுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. குருவியின் மார்பில் தைத்த சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது கிளை நுனியில் உட்கார்ந்து வலப்பக்கமாகப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது உன்னுடைய குருவி.

"முதல்ல போறவ தன்னுத மத்தவளுக்கு வுட்டுட்டுப் போவணும்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நீதான் சொன்னாய். நீ முதலில் போய் மூன்று மாதம் ஆகிறது. பேச்சுப்படி பார்த்தால் இரண்டு குருவியும் இப்போது என் பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் உன்னுடையது எனக்கு வராது என்பது யுத்த காலத்திலேயே எனக்குத் தெரிந்துபோன விஷயம்.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை. எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது என்று எழுதுவதுதான் சரி.

திருத்தணியில் மலையடிவாரத் தெருவில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். உன் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. நம் இருவருக்கும் ஒரே வயது, ஒரே பைத்தியம். அரக்கோணத்து ரயில்வே பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் வீட்டில் கழித்துப் போடும் பழைய துணி: தலையணை உறை, மேஜை விரிப்பு, தட்டு மூடும் சிறு துணி. அவற்றில் பூத்தையல் போட்ட பறவை இருந்தால் போதும், நமக்குச் சோறு இறங்காது. பூ எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். பறவைதான்.

அவற்றைக் கொண்டுவருகிறவள் பாத்திரக்காரி மங்கம்மா. காலை வண்டியில் கூடையும் மூட்டையுமாக வந்து இறங்குவாள். பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பது அவள் தொழில். நாம் மட்டும் பாத்திரத்தைக் கொடுத்து அவளிடமிருந்து பழைய துணி வாங்கினோம். "இது இன்னா கூத்தும்மா? ஊர்ல எல்லாம் கந்தய குட்த்துப் பாத்திரம் வாங்கறாங்கோ. நீங்க ரெண்டு பேரும் பாத்திரத்த குட்த்து கந்தய வாங்கறீங்கோ. தேவுடா!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கொடுத்த பாத்திரத்தை வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலேயே இருக்கிறவர். மங்கம்மா இறங்கியதும் சேதி முதலில் எனக்குத்தான் வர வேண்டும். வந்தது என்னவோ எனக்குத்தான். ஆனால் நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வருவதற்குள் மூட்டை உன் வீட்டு வாசலில் பிரிந்திருக்கும். உன் மடியில் ஏற்கெனவே ஒரு கொக்கோ புறாவோ ஏறியிருக்கும். என்ன மாயம் செய்கிறாய் என்று குமைந்தேன். மாயமெல்லாம் ஒன்றும் இல்லை. நீ அவளுக்கு ஒரு குவளை கூழ் கொடுத்து, கூடையை இறக்க ஒரு கை பிடித்தாய். எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியபோது, உன்னைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே என்று செய்யவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தால் நீ எல்லாவற்றையும் வெளியே எடுப்பாய். நாற்காலி, மேஜை, ஜன்னல் எங்கும் பறவை. கேக்குக்கு வந்தவர்கள்கூட கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்ப்பார்கள். நானும் விடவில்லை. அடுத்த நவராத்திரிக்குக் கொலுப்படி முழுக்க என் துணிகளை விரித்தேன். வந்த பெண்கள் பொம்மையைப் பார்த்தார்கள், சுண்டலை வாங்கிக்கொண்டார்கள், போனார்கள். நீ ஒருத்திதான் பொம்மைகளை நகர்த்திவிட்டு, "இந்த மீன்கொத்தி எப்படி இன்னிக்கித்தான் தலைய தூக்கி நிக்கிது!" என்றாய். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அந்த ஜோடி வந்தது. அன்றைக்கு மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் ஓடி வந்தோம். இரண்டு தலையணை உறை, ஒவ்வொன்றிலும் ஒரு குருவி. மார்பு சிவந்த, நம் பக்கத்தில் யாரும் பார்த்திராத குருவி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு கிளையும் சேர்ந்து ஒரே கிளையாகும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். ஒன்றை நீ பிடித்தாய், ஒன்றை நான் பிடித்தேன். விடுவேனா? விடுவாயா? மங்கம்மா இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பித்தளைச் சொம்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொம்பு எங்கே என்று கேட்டார். கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன். அவர் நேரே உன் வீட்டுக்குப் போய்ப் பாதாளக் கரண்டியை இரவல் கேட்டார். உன் வீட்டுச் சொம்பும் அதே காரியத்துக்குப் போயிருக்க, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் எடுத்துக் கொடுத்தாய். "நல்லா அடி வரைக்கும் வுட்டுத் துழாவுங்கண்ணா, கெடைக்கும்" என்றாய். இருட்டும்வரை துழாவினார். ஒரு துருப்பிடித்த வாளிப்பிடிதான் வந்தது. அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏண்டி, சொம்பு கெடச்சுதா?" என்று கேட்பாய். அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

உன் குருவிக்கு மூன்று துணி தருகிறேன் என்றேன். நீ சிரித்தாய். ஐந்து என்றேன். "நீ உன்னுத எனக்குக் குடேன், நான் எட்டு தரேன்" என்றாய். அப்போதுதான் முதலில் போகிறவள் விட்டுவிட்டுப் போவது என்று பேச்சாயிற்று.

மறுவருஷம் யுத்தத்தால் துணிப் பஞ்சம். ரேஷன் கார்டு இருந்தாலும் கடையில் துணி இல்லை. இருந்த இரண்டு புடவையை மாற்றி மாற்றிக் கட்டினேன். கந்தலான பழசைக்கூட ஒட்டுப்போட்டுக் கட்டினேன். அந்த ஐப்பசி அடைமழையில் என் மகன் பிறந்தான். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய துணிதான் வேண்டும் என்பது நம் வழக்கம். இருந்த நாலு துண்டும் கொடியில் காயாமல் தொங்கின. ஈரத்திலேயே கிடந்து குழந்தையின் தொடை சிவந்து புண்ணாயிற்று. வாய் ஓயாமல் அழுதான். "வீட்ல ஒரு நல்ல துணி இல்லியா?" என்று மருத்துவச்சி கேட்டாள். இல்லை என்றேன்.

கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பதினான்கு துணி. சாவி என் இடுப்பில்.

நீ அப்போது குழந்தையை மடியில் வைத்திருந்தாய். பெட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். உள்ளே என்னென்ன பறவை எந்த வரிசையில் இருக்கிறது என்பதுகூட உனக்குத் தெரியும். குழந்தையைக் கிடத்திவிட்டு எழுந்து போனாய். கொஞ்ச நேரத்தில் மழையில் நனைந்துகொண்டே வந்தாய். முந்தானைக்குள் நாலு துண்டுத் துணி. ஒரு துண்டில் குருவியின் தலை இருந்தது, இன்னொன்றில் வால்.

"ஏண்டி இதப் போய் வெட்டின?" என்று கத்தினேன்.

"எல்லாத்தையும் தொட்டுப் பாத்துகினு இருந்தேன். இதுதான் மெத்துன்னு கீது. புள்ளைக்கு உறுத்தாது" என்றாய். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான் என்பதுபோல் குழந்தையைத் தூக்கி ஈரத்துணியை உருவ ஆரம்பித்தாய்.

அன்று எனக்கு நன்றி வரவில்லை. ஜோடி எனக்குச் சேரவே கூடாது என்று வேண்டுமென்றே வெட்டினாய் என்று நினைத்தேன். அதோடு, உன்னிடம் ஒன்று குறைந்தது என்று உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஒருத்திக்கு வரக்கூடிய சந்தோஷமா அது? குழந்தை அந்தத் துணியில் தூங்கினான். புண் ஆறியது. துவைக்கத் துவைக்கச் சிவப்பு நூல் பிரிந்து போயிற்று. பையன் வளர்ந்து நடக்கத் தொடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு "பெரிம்மா, பெரிம்மா" என்று உன் வீட்டுக்கே ஓடினான். அதற்கும் உன்னைத்தான் நொந்துகொண்டேன்.

பெட்டியைப் பற்றி நீ கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் முன்பு, படுக்கையில் கிடந்த உன்னைப் பார்க்க வந்தேன். அன்றைக்குப் பெட்டியைத் திறக்காததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ கண்ணைத் திறந்து, "சொம்பு கெடச்சுதாடி?" என்றாய். நான் சிரித்தேன். சொல்ல வந்தது அந்தச் சிரிப்போடு போயிற்று.

அதனால்தான் இன்று இந்த உறையை எடுத்தேன். கத்தரிக்கோலையும் எடுத்தேன். குருவியின் மேல் கத்தரியை வைத்தேன், கை வரவில்லை. அங்கே போய் வெட்டிக்கொள்ளலாம் என்று இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கனகம்மாசத்திரத்துக்கு பஸ் ஏறினேன். மருமகளின் தாய்வீடு அங்கேதான்.

சம்பந்தியம்மாள் உறையை விரித்துப் பார்த்தாள். "ஐயோ, இன்னாத்துக்குங்க சம்பந்தி இந்தப் பழசு? மெட்ராஸ்லேந்து எங்க தம்பி ரெண்டு டஜன் துணி வாங்கியாந்து குட்த்துட்டான். மெத்துமெத்துன்னு கீது பாருங்க" என்று ஒரு அடுக்கைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன். பொய் இல்லை. குழந்தை காய்ந்த துணியில் கையை மடக்கிக்கொண்டு தூங்கினான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? குருவி பிழைத்தது என்று மடித்து வைத்துக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் தூரத்தில் மலை தெரிந்தபோதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. இனி இதை வெட்டினாலும் யாருக்கும் ஆகப்போவதில்லை. இப்போது இது வெறும் பழைய துணி.

இது வேண்டியிருந்த நாள் ஒரே ஒரு நாள்தான் வந்தது. அன்றைக்குக் குழந்தை என்னுடையது, பெட்டி என் கட்டிலுக்கு அடியில், சாவி என் இடுப்பில். நீயோ சுவரைச் சுற்றிக்கொண்டு மழையில் வர வேண்டியிருந்தது. அப்படியும் நீதான் முந்திக்கொண்டாய்.