வியாழக்கிழமை யார் ஜெபிப்பது

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் இந்தத் தடவை பாதிச் சுகம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதே, போன் எந்நேரமும் உன் அம்மா கையில் இருக்கிறது, அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது. அவள் உன்னிடம் வயிற்றில் ஒரு சின்னக் கட்டி, சின்ன ஆபரேஷன், அதையும் டாக்டர் தள்ளிவைத்துவிட்டார் என்று சொல்லியிருப்பாள். ஏன் தள்ளிவைத்தார் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

நடந்தது இதுதான். அன்று காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோக ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். நர்ஸ் அம்மா ஒரு நிமிஷம் தருகிறேன், பேசிக்கொள்ளுங்கள் என்றார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க என்றாள். ஜெபப்புத்தகமோ பையில், பையோ வார்டுக்கு வெளியே பெஞ்சில். இருபத்தாறு வருஷமாக ஆலயப் பணியாள் நான், மணி அடிப்பதும் பீடத்துக்கு விரிப்பு மாற்றுவதும் போதகர் சொல்லச் சொல்ல மறுமொழி சொல்வதும்தான் என் பிழைப்பு, எனக்கு எதற்குப் புத்தகம் என்று கண்ணை மூடினேன். குரல் கணீரென்று வந்தது. உம்முடைய அடியாள் இவ்வுலகப் பாடுகளையெல்லாம் விட்டு இளைப்பாறப் போகிறாள் என்று ராகத்தோடு பாதி தூரம் போன பிறகுதான் அது அடக்க ஆராதனை ஜெபம் என்று எனக்கே உறைத்தது. கல்லறையில் போதகர் பக்கத்தில் நின்று நின்று மனதில் ஊறிப்போனது அதுதானே. பாவம், அந்த நர்ஸுக்கு அது என்ன ஜெபம் என்று தெரியவில்லை, நல்ல குரலாக இருக்கிறதே என்று கைகூப்பி நின்றார். உன் அம்மா ஒரு கண்ணைத் திறந்து, என்ன, இப்பவே வழியனுப்பி வைக்கிறீங்களா என்றாள். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் என் கைக்குள் இருந்த அவள் கை சில்லிட்டுப் போனது. உள்ளே போனதும் பிரஷர் பார்த்திருக்கிறார்கள், எகிறி இருந்ததாம். அன்று வேண்டாம், அடுத்த வியாழக்கிழமை பார்க்கலாம் என்று வார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். சாயங்காலம் நம் கட்டிடத்தின் கீழே கடை வைத்திருக்கிறாரே, பேண்ட் உயரம் குறைத்துக் கொடுப்பாரே, அந்தத் தையல்காரர் வந்தார். கழுத்தில் டேப் தொங்குகிறது, சட்டையெல்லாம் நூல், கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த கோலம். ஆராதனைக்கு மாதத்தில் இரண்டு தடவை வந்தால் அதிகம், வந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் முழங்கால் போடுவார், முழங்கால் போட வேண்டிய இடத்தில் மூக்கைச் சிந்துவார். அவரைப் பார்த்து உன் அம்மா, தம்பி, ஜெபம் பண்ணுப்பா என்றாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறேன். அந்த மனிதர் கண்ணைக்கூட மூடவில்லை, அப்பா, அக்காவுக்குப் பயமா இருக்கு, எனக்கும் பயமா இருக்கு, கூடவே இருங்க என்றார். அவ்வளவுதான். ஆமென்கூட இல்லை. இதற்குப் பெயர் ஜெபமா, பஸ்ஸில் கண்டக்டரிடம் இடம் கேட்பது மாதிரி. ஆனால் உன் அம்மா இரண்டு நாளாகத் தூங்காதவள், அவர் படி இறங்குவதற்குள் தூங்கிப்போனாள். காலையில் பிரஷர் சரியாகி வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அது பேச்சு இல்லை மகளே, எனக்கு நிஜமாகவே எரிந்தது, இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அந்தக் கட்டி இருக்கிற விஷயம் அவளுக்கு இரண்டு மாதம் முன்பே தெரியும். எனக்குத் தெரிந்ததே போன மாதம்தான். அன்று எப்போதும்போல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஜெபம் எப்படி என்று உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோல, குழாயில் தண்ணீர் வராததிலிருந்து உன் சம்பள உயர்வு வரைக்கும் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். செருப்பைத் தேடிக்கொண்டு நடையில் நின்றவன் காதில் விழுந்தது, அந்தக் கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு, அவர்கிட்ட இன்னும் சொல்லலை, பயந்துடுவார் என்கிறாள். அவர் என்றது என்னை. முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது. சரி, அவர் ஆண்டவர், விட்டுவிடலாம். தையல்காரருக்கும் தெரிந்திருக்கிறது! சேர்ந்து ஜெபித்துக்கொள்ளச் சொன்னாளாம். வீட்டுக்காரன் கடைசி.

உன் அம்மா அன்றிலிருந்து, வியாழக்கிழமை தம்பியே வந்து ஜெபிக்கட்டும், நீங்க பக்கத்தில நின்னா போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று முன்தினம் நேராகக் கடைக்கே போய், வியாழக்கிழமை நீங்க வரவேண்டாம், எங்க குடும்ப விஷயம், நாங்க பாத்துக்கறோம் என்று சொல்லிவிட்டேன். அவர் மிஷினிலிருந்து காலை எடுத்து, சரிண்ணே, ஆனா அக்கா கேட்டா என்ன சொல்லட்டும் என்றார். வேலை இருக்குன்னு சொல்லுங்க என்று பொய் வேறு சொல்லிக் கொடுத்தேன், ஆலயப் பணியாள்! அவருக்குப் பொய் வருமா, மறுநாளே உன் அம்மாவிடம் உளறிவிட்டார். அவள் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சரி, அவர் வேண்டாம், நீங்களே பண்ணுங்க, ஆனா புஸ்தகத்தைத் தொடக்கூடாது, மனப்பாடமும் கூடாது என்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நீ புத்தகத்தைக் குறைவாக நினைக்கிற பிள்ளை, உன் ஊரில் கிட்டார் வைத்து ஆராதிக்கிற சபைக்குப் போகிறாய் என்று தெரியும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். உனக்கு முன் பிறந்த உன் அண்ணன் மூன்று நாள் இருந்துவிட்டுப் போனானே, அன்று உன் அம்மாவுக்கு ஆண்டவரோடு பேச ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. நான்தான் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன், அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அப்போது எந்தத் தையல்காரரும் இல்லை. யாரோ என்றைக்கோ எழுதிவைத்த வார்த்தைதான் எங்கள் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தியது. அதை அவள் மறந்துவிட்டாளோ என்பதுதான் என் ஆற்றாமை. மறக்கவில்லை என்றும் தெரியும். என் புத்தி அதை ஒத்துக்கொள்கிறது, வயிறு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இன்று மதியம் கோயிலில் யாரும் இல்லாத நேரம் பித்தளைக் குத்துவிளக்குகளைத் துடைத்துக்கொண்டே முயற்சி பண்ணிப் பார்த்தேன். பரலோகத்திலிருக்கிற என்று ஆரம்பித்தால் மனப்பாடம் ஓடுகிறது, நிறுத்தினால் வெறும் காற்று. நாலைந்து தடவை ஆயிற்று. கடைசியில் கோபம் வந்து, அவள் கூப்பிட்டா ஓடிப் போறீர், அந்த ஆள் கூப்பிட்டாலும் போறீர், நான் தினமும் உம்ம வீட்டுக் கதவைத் திறந்து விடுறேனே, என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். கோயில் முழுக்க எதிரொலித்தது. பயந்துபோய் யாராவது கேட்டார்களா என்று வாசல்வரை வந்து பார்த்தேன், நல்லவேளை ஒருவரும் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தையல்காரரிடம் போய் வியாழக்கிழமை நீங்களும் வாங்க என்று சொல்லிவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரட்டும். உள்ளே நான்தான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே அம்மாவுக்குப் போன் பண்ணு, ஏழு மணிக்கு மேல் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், அதற்கு முன்பே கிடைத்துவிடும், இதைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையைத் தினம் வெளிச் சாப்பாடு சாப்பிட விடாதே, மேல்வீட்டு ஒழுகல் சரியாகிவிட்டது, கவலைப்படாதே. இந்த இடத்தில் வழக்கமாகப் போதகர் கடைசியில் சொல்கிற ஆசீர்வாதத்தை அப்படியே எழுதி அனுப்புவேன், நீயும் படிக்காமல் மடித்து வைத்திருப்பாய். இன்று கையில் என்ன வருகிறதோ அதை எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

ஆண்டவரே, என் மகள் தூரத்தில் இருக்கிறாள், மாப்பிள்ளையோடு அவளைப் பார்த்துக்கொள்ளும். அவள் அம்மாவை வியாழக்கிழமை உள்ளே கொண்டுபோவார்கள். அவள் உம்மோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். பேசி முடித்ததும் திருப்பி அனுப்பிவிடும். உமக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு இவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா