உன் நாடகத்தில் யாரும் விழ மாட்டார்கள்

நேற்றுச் சாயங்காலம் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கற்பூர நெடி மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் முதலில் வந்தது. "இன்னும் ஒரு தடவை விழு. நன்னா தடவி விடறேன்." திட்டிக்கொண்டேதான் தடவுவாய். திட்டிலும் குறை வைத்ததில்லை, தடவலிலும் குறை வைத்ததில்லை.

ஆனால் இந்த முறை முட்டி வலிப்பது விழுந்ததால் இல்லை. விழாமல் உட்கார்ந்திருந்ததால். உனக்கு நம்பிக்கை வராது என்று தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆடி மாதம் நீ சொல்லாமல் கொள்ளாமல் போனாய். வெள்ளிக்கிழமை மதியம் என் டப்பாவிலிருந்து மீன் குழம்பு வாசனை வருகிறது என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவள், திங்கட்கிழமை இல்லை. அந்த வாரமே நம் பாண்டி பஜார் ஆபீஸில் இரங்கல் கூட்டம். மனமகிழ் மன்றச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இந்த மேடமும் அந்த மேடமும் இரட்டைப் பிறவி மாதிரி. ஒரே ரசனை, ஒரே சிரிப்பு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்று, "மன்னிக்கணும் சார். அவங்க எழுதின எந்த ஜோக்குக்கும் நான் சிரிச்சதில்ல. நான் நடிச்ச எதுக்கும் அவங்க சிரிச்சதில்ல. அது எங்க ரெண்டு பேருக்கும் பெருமை. அத மாத்தாதீங்க" என்றேன். கூட்டம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பார்க்கட்டும் என்று உட்கார்ந்தேன். செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம். உண்மையைவிட நல்லது என்ன இருக்கிறது?

நமக்குள் இருந்த ஒரே சட்டம் நீ போட்டதுதான். "சிரிப்பு வரலேன்னா சிரிக்காதே. பொய்யா சிரிச்சேன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." மதியச் சாப்பாட்டில் என் செல்போனை நடுவில் நிறுத்தி வைத்து காமெடி பார்ப்போமே, அங்கேதான் அந்தச் சட்டம் தினமும் அமலில் இருந்தது. எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஏணி மேல் நின்று ஒருத்தன் சுவருக்கு வெள்ளை அடிப்பான். கீழே ஒருத்தன் ஏணியை நகர்த்துவான். வாளி கவிழும், பலகை சுழலும், கடைசியில் வீட்டுச் சொந்தக்காரன் சுண்ணாம்புத் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வயிறு வலிக்கும். நீ மோர் சாதத்தை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏணி நன்னா நடிக்கறது" என்பாய். அவ்வளவுதான் உன் விமரிசனம்.

உன் ரசனையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் மழை வரும் என்பார். இன்னொருத்தர் யோசித்துவிட்டு, நேற்றும் அப்படித்தான் சொன்னீர்கள் என்பார். உனக்குத் தோள் லேசாகக் குலுங்கும். நீ விழுந்து விழுந்து சிரிக்கிறாய் என்பதற்கு அதுதான் அடையாளம். "இன்னாடி ஜோக்கு இது? இங்க கேட்டா, பஸ்சு மந்தவெளி தாண்டினப்புறம்தான் புரியும் போல கீது" என்று நான் கத்தினால், "அவசரக்காராளுக்கு எழுதறவா வேற இருக்கா" என்று டப்பாவை மூடுவாய்.

நான் விழுவதை நீ மலிவு என்று நினைத்தாய். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. என் அப்பா வடபழனியில் சண்டைக் கலைஞராக இருந்தவர். கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்தும் குதிரையிலிருந்தும் விழுந்தவர். அவர் விழுந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். தலையை மார்போடு சேர்த்துக்கொள், கையை ஊன்றாதே, தரையைப் பார்த்துப் பயப்படாதே என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். ஆபீஸ் ஆண்டு விழா நாடகத்தில் புடவைக்குள் பைஜாமா போட்டுக்கொண்டு நான் தொபீரென்று விழுந்தால் மொத்த மண்டபமும் அதிரும். இந்தக் கதையை உன்னிடம் சொன்னபோது கண் கலங்குவாய், இனிமேல் கிண்டல் செய்ய மாட்டாய் என்று எதிர்பார்த்தேன். நீ கேட்டுவிட்டு, "உங்கப்பா விழுந்தது தொழில். நீ விழறது கொழுப்பு" என்றாய். மூன்று நாள் உன் பக்கத்தில் நாற்காலி போடவில்லை. அதற்கப்புறம் அதைவிட நல்ல பாராட்டு யாரும் எனக்குத் தரவில்லை.

நாடகங்களை வருஷம் மாற்றி வருஷம் நாம் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு வருஷம் என் கலாட்டா, மறு வருஷம் உன் அமைதி. இது உன் வருஷம். நீ போவதற்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிட்டதால் எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு மாடி தவறி வேறு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் பெண்ணே இல்லை. வீட்டுக்காரர்களுக்கு இது புரிந்துவிடுகிறது. வந்தவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடுகிறது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர்கள் மனசு கஷ்டப்படுமே. அதனால் பஜ்ஜி வருகிறது, காப்பி வருகிறது, தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்கிறார். பெண்ணே இல்லாத வீட்டுக்காரர், "நாங்களும் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்கிறார். திரை. நடுவில் எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் காப்பி குடித்து முடிக்கும் ஒரு கட்டம். "காப்பி சுடறதுடி. சுடற காப்பியை யாராவது கடகடன்னு குடிப்பாளா? மெதுவா, இன்னும் மெதுவா" என்று ஒத்திகையில் எல்லோர் உயிரையும் வாங்கினாயே, அந்தக் கட்டம்.

வீட்டுக்கார மாமியாக நீதான் நடிப்பதாக இருந்தாய். இப்போது யார் என்று பேச்சு வந்ததும், நான் கையைத் தூக்கினேன். செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"மேடம், நல்லதா போச்சு. அந்தக் காப்பி சீன்ல நீங்க தட்டோட ஒரு விழு விழுந்துடுங்க. ஜனங்க சிரிச்சிடுவாங்க."

"அதுல யாரும் விழ மாட்டாங்க சார்."

"தெரியும் மேடம். ஆனா யோசிங்க. அவங்க நினைவா போடறோம். ஹால் முழுக்க அமைதியா உக்காந்திருந்தா அவங்களுக்குத்தானே அவமரியாதை? போன வருஷமே நாடகம் வேணாம், மெல்லிசை வைக்கலாம்னு மேலிடத்துல கேட்டாங்க. இந்த வருஷம் படுத்துச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது."

மனுஷன் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சொல்லப் போனால் என் மனசுக்குள்ளும் அதே எண்ணம்தான். அந்தக் காப்பிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் இடுப்பு தானாக நெளியும். ஒரு வழுக்கல், ஒரு பஜ்ஜி செயலாளர் மடியில், போதும், உன் நாடகம் பிழைத்துவிடும்.

அப்போதுதான் பழைய மன்றக் கூட்டம் ஒன்று ஞாபகம் வந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், பெண் ஊழியர் புடவையோடு மேடையில் விழுவது கௌரவமாக இல்லை, அதை எடுத்துவிடுங்கள் என்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நீ எழுந்தாய். "சார், அவ விழறது எனக்குத் துளியும் பிடிக்காது. பார்க்கச் சகிக்காது. ஆனா அவ விழாம நாடகம் நடந்தா, நான் மண்டபத்துக்கே வர மாட்டேன்." சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். அந்த வருஷம் நான் விழுந்தேன். நீ முன் வரிசையில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் பார்த்தாய்.

அதனால் செயலாளரிடம், "ஒரு கரண்டி கூட கீழ விழாது சார்" என்று சொல்லிவிட்டேன்.

விழா நாளன்று மயிலாப்பூர் மண்டபத்தில் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தனியாக. பஜ்ஜி வந்தது. தண்ணீர் லாரி பேச்சு முடிந்தது. காப்பி வந்தது. நாங்கள் குடிக்க ஆரம்பித்தோம்.

நீ எழுதிய அமைதி எவ்வளவு நீளம் என்று மேடையில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த முட்டி கெஞ்சியது. யாரோ இருமினார். யாருடைய செல்போனோ அடித்து நின்றது. திரை இழுக்கிறவர் நாங்கள் வசனத்தை மறந்துவிட்டோம் என்று பதறி, பக்கத்துத் தட்டியிலிருந்து, "தண்ணி லாரி! தண்ணி லாரி!" என்று எடுத்துக் கொடுத்தார். ஒரு குழந்தை சத்தமாக, "அம்மா, ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க?" என்று கேட்டது. மண்டபம் சிரித்தது. குழந்தைக்குத்தான் சிரித்தது, உனக்கில்லை. அந்த நேரம் பஜ்ஜித் தட்டு என் கால் பக்கத்திலேயே இருந்தது. என் அப்பா பழக்கிய உடம்பு இது. ஒரு நொடி போதும். முன் வரிசையில் செயலாளர் கண்ணாலேயே கெஞ்சினார்.

நான் ஊதி ஊதிக் காப்பியைக் குடித்தேன். மெதுவாக, இன்னும் மெதுவாக. உன்மேல் வந்த கோபத்தில் குடித்தேன். இப்படி ஒரு நாடகத்தை எழுதி வைத்துவிட்டு, மாட்டிக்கொள்ளும் நேரத்தில் நீ மட்டும் தப்பித்துப் போய்விட்டாயே என்ற கோபம். நீ இல்லாமல் ஒரு மதியமும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்ற கோபமும்தான்.

"நாங்களும் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றதும் திரை விழுந்தது. கைதட்டல் இருந்தது. இறந்தவருக்குத் தட்டும் மரியாதையான கைதட்டல். பின் வரிசையில் நாலைந்து பேர் மட்டும் நிஜமாகச் சிரித்தார்கள். அவர்கள் யார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்குப் பிடிச்சுதாம்மா?"

"இல்ல சார். எனக்குச் சிரிப்பே வரல."

"எனக்கும் அவ எழுதறது எதுவும் புரிஞ்சதில்லை. ஆத்துல படிச்சுக் காட்டுவா. நான் முழிப்பேன். முறைப்பா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணும் மாத்தாம போட்டேளே. மாத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்." இரண்டு பேரும் தட்டில் மிச்சமிருந்த ஆறிய பஜ்ஜியை ஆளுக்கொன்று எடுத்துத் தின்றோம்.

செயலாளர் வந்தார். முகத்தில் நான்தான் அப்பவே சொன்னேனே என்று எழுதியிருந்தது. "பாத்தீங்கல்ல மேடம். ஒரே ஒரு விழு விழுந்திருக்கலாம். அடுத்த வருஷம் மெல்லிசைதான். என் கையில இல்ல."

எனக்குள்ளிருந்து ராயப்பேட்டை கிளம்பிவிட்டது. "இன்னா சார் மெல்லிசை? பாடறவங்க பாடட்டும், யாரு வேணான்னது? மேடை இல்லன்னா சாப்பாட்டு ரூம் கீது. மேசைய நவுத்திட்டு அங்க போடுவோம். மீன் கொழம்பு வாசனையில பொண்ணு பாக்கட்டும். காப்பிய இத விட மெதுவா குடிப்போம்." உன் வீட்டுக்காரரின் தோள் லேசாகக் குலுங்கியது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அந்த ஜோக் புரிந்து சிரிப்பு வரும் என்று நீ நினைத்திருப்பாய். வரவில்லை. ராயப்பேட்டை வந்து, மாடிப்படி ஏறி, புடவை மாற்றிய பிறகும் வரவில்லை. இனிமேலும் வராது. நீ போய்விட்டாய் என்பதற்காக என் வயிறு உனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லாது. எல்லோரும் என்னிடம், பாவம், இனிமேலாவது விட்டுக்கொடேன் என்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் உன்னோடு பேச எனக்கு என்ன மிச்சம்?

அடுத்த வருஷம் என் முறை. இருந்தாலும் முதலில் உன்னுடையது, அப்புறம்தான் என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன் மாமியாக நான்தான் உட்காருவேன். ஒரு வசனம் குறையாது, ஒருத்தரும் விழ மாட்டார்கள். சிரிப்பதற்கு மட்டும் நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள்.