உன் உயரம் அவளுக்கு வந்தபோது

இன்று காலை நம் மகள் உறியிலிருந்த மோர்ச்சட்டியை முக்காலி போடாமல் எட்டி எடுத்தாள். இந்த வீட்டில் அப்படி எடுத்தவள் நீ ஒருத்திதான். வளர்ந்துவிட்டாளே என்ற சந்தோஷம் வருவதற்குள் ஓடிப்போய் அவள் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டேன்.

நீ பாகூருக்கு வாழ வந்தபோது உன் உயரத்தை ஊரே கேலி பேசியது. "உன் பொண்டாட்டி நின்னுக்கினே தேங்கா பறிப்பாடா" என்றான் என் பங்காளி. "பறிச்சா உங்களுக்கு ஒன்னுகூட தரமாட்டேன்" என்று நீ சிரித்தாய். கட்டைவிரலை மணிக்கட்டுவரை வளைத்துக் காட்டித் தெருப் பிள்ளைகளை வியக்க வைப்பாய். நானும் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது பிள்ளை உன் வயிற்றில் நிறைமாதம். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். "முதுவுல இன்னாவோ கிழிஞ்ச மாதிரி கீதுங்க" என்றாய். மருத்துவச்சி வருவதற்குள் போய்விட்டாய், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. காற்றுக் கருப்பு என்றார்கள்.

நீ போய்ச் சில வருடம் கழித்து நம் மகளுக்குப் பார்வை மங்கியபோது வண்டி கட்டிப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். பிரெஞ்சு டாக்டர் கண்ணைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களை விரித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் பேசியதைக் கூட இருந்த கன்னியாஸ்திரி அம்மாள் தமிழில் சொன்னார்.

"இவ அம்மாவும் நெட்டையா?"

"ஆமாங்க."

"எப்படி செத்தாங்க?"

சொன்னேன். டாக்டர் குழாயை மெதுவாகக் கழற்றினார்.

"உடம்பை இழுத்துக் கட்டுற நாரு பொறப்புலேயே தளர்ந்திருக்கு. கண்ணுலயும் நெஞ்சுலயும் அதேதான். தாய்கிட்டேருந்து வந்தது. அவங்களுக்கு நெஞ்சு ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கும். மருந்து இல்ல. கனம் தூக்க விடாதீங்க. பிள்ளை பெத்தா உயிருக்கு ஆபத்து."

திரும்பும் வழியெல்லாம் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் முதுகுக்கு என் கையைக் கொடுத்தேன்.

போன மாதம் தவளக்குப்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம். டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். வைத்த மோரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். கதவுக்குப் பின்னால் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் கழனிக்கே வந்துவிட்டாள்.

"அம்மா அதுலதான் செத்துச்சா?"

"ஆமா கண்ணு."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

வரப்பில் உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் வேணாம்னா வேணாம். வலிச்சா நானே சொல்றேன். நீ சும்மா சும்மா என் மூஞ்சியப் பாக்காதப்பா. உன்னைப் பாத்தாதான் எனக்கு பயமா கீது."

சரியென்று தலையை ஆட்டினேன். உனக்கு வந்தது இன்னதென்று தெரியாமல் உன்னோடு நிம்மதியாக இருந்துவிட்டேன். தெரிந்துகொண்டு ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படியென்று எனக்குத் தெரியவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. காதை மட்டும் அவள் பக்கம் வைத்திருக்கிறேன். இதோ, வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு நின்றால், எதையோ தேடுகிறவன் போல எழுந்து வாசலுக்குப் போவேன்.