அமைதியான வகுப்பின் தக்காளிச் செடிகள்

ஜூன் 16, திங்கள்

இல்லை, செடியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அக்கா கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். "உனக்குத் தெரியலன்னா என்னடா, பிள்ளைங்களுக்கும் தெரியாது. சரியாப் போச்சு" என்றாள். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் பள்ளியில் தோட்டப் பாடம் எடுத்தவர் பிரசவத்துக்கு லீவில் போய்விட்டார். ஆள் வேண்டும் என்றதும் வீட்டு சோபாவில் மல்லாந்து கிடக்கிற என் ஞாபகம் வந்திருக்கிறது.

கல்லூரியை மூன்றாவது செமஸ்டரில் விட்டேன். செல்போன் கடையில் ஐந்து வாரம். கூரியரில் பதினெட்டு நாள். அப்பா இப்போதெல்லாம் திட்டுவதுகூட இல்லை. "இது எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்கிறார், அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கிற மாதிரி.

தலைமையாசிரியை இரண்டே நிமிடம் பேசினார். "ஜூலை பதினொண்ணு பெற்றோர் தினம். அன்னிக்குத் தோட்டத்துல பச்சையா ஏதாவது இருக்கணும். இல்லன்னா அந்தப் பீரியடைக் கையெழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்துடுவேன். நீங்களும் கிளம்பிடலாம் தம்பி."

சரி மேடம் என்றேன். கிளம்புவதில் எனக்கு நல்ல முன் அனுபவம் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மொத்தம் இருபத்திரண்டு பேர். எட்டு வயது. முதல் ஐந்து நிமிடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

"சார்னு கூப்பிடாதீங்க. அண்ணான்னு கூப்பிடுங்க."

முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர் எங்களுக்கு அம்மா மாதிரின்னு டீச்சரே சொல்லியிருக்காங்க. அம்மாவோட தம்பி மாமாதானே? எப்படி அண்ணா ஆவீங்க?"

இருபது வயதில் இருபத்திரண்டு மருமக்கள். கேட்டவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்துவிட்டேன். எல்லோரையும் "நீ இங்க நில்லு, நீ அங்க நில்லு" என்று விரட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கு மேனேஜர்.

ஜூன் 18, புதன்

பழுத்த தக்காளியை அமுக்கி விதை எடுத்தோம். விதை கொஞ்சம் கைக்கு வந்தது, மீதி என் சட்டைக்கு வந்தது. கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் மண். கொத்தி, ஆளுக்கு மூன்று விதை, பக்கத்தில் பெயர் எழுதிய குச்சி. மேலே எவ்வளவு மண் போடணும் என்று கேட்டார்கள். கழிவறைக்குப் போகிற மாதிரி போய், செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். விரல் நகம் அளவு.

இது எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது. ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும்.

ஜூன் 20, வெள்ளி

மேனேஜர் தன் விதையைத் தோண்டிப் பார்த்துவிட்டான். "எடுக்கல மாமா, சும்மா செக் பண்ணேன்." நேற்றும் செக் பண்ணினானாம்.

ஜூன் 25, புதன்

வந்துடுச்சு!!

முதலில் கத்தியது பிள்ளைகள் இல்லை, நான்தான். கொக்கி மாதிரி வளைந்து, தலையில் விதைத் தோலைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிற்கின்றன. அமுக்கிப் பிழிந்து எறிகிற அந்த வழவழப்புக்குள்ளே இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாம்பாரில் எத்தனை ஆயிரத்தைத் தின்றிருப்பேன்.

மேனேஜருடையது மட்டும் வரவில்லை. முகம் தொங்கிப்போச்சு அவனுக்கு. மூன்றும் முளைத்தவளிடம் ஒன்றைத் தத்து வாங்கிக் கொடுத்தேன். "நல்லா வளர்ப்பியா?" என்று அவள் கேட்க, இவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் தலையில்.

ஜூன் 30, திங்கள்

அக்கா ஒரு திட்டம் கண்டுபிடித்திருக்கிறாள். தண்ணீர் ஊற்ற எல்லோருக்கும் ஒரே அடிதடி. அதனால், எந்தப் பாடவேளையில் யார் சத்தம் போடாமல் இருக்கிறார்களோ அவர்களுக்கு மணி அடித்ததும் ஒரு குவளை.

வகுப்பு இப்போது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. தலைமையாசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மற்ற டீச்சர்களைக் கூட்டிவந்து காட்டினாராம். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. ராத்திரி எனக்கு அவளே முட்டை பொரித்துப் போட்டாள்.

ஜூலை 3, வியாழன்

இன்று ஆளுக்கு ஒரு செடியை மட்டும் விட்டுவைத்து மற்றதைப் பிடுங்கினோம், இலை எண்ணினோம், நூல் பிடித்து உயரம் அளந்தோம். எல்லாம் நோட்டில். கேள்விக்குறியின் செடிக்கு நாலு இலை, ஒன்றில் ஓட்டை. அந்த ஓட்டையையும் வரைந்திருக்கிறாள்.

இலையை மெதுவாகத் தேய்த்து விரலை மோந்து பார்க்கச் சொன்னேன். "அய்ய" என்றார்கள். அப்புறம் யாரும் விரலை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "பழத்தோட வாசனையே இல்ல மாமா, வேற என்னமோ." தக்காளிச் செடி கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

இலையெல்லாம் மஞ்சள். துவண்டு கிடக்கின்றன. வாடினால் தாகம்தானே? இன்னும் ஊத்துங்க என்றேன்.

ஜூலை 9, புதன்

போச்சு. எல்லாம் போச்சு. இருபத்திரண்டும் படுத்துடுச்சு. தண்டைத் தொட்டால் விரலோடு வருகிறது.

பிள்ளைகள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "தூங்குது மாமா" என்றான் மேனேஜர். என்னத்தச் சொல்றது? மாமா ஒரு டுபாக்கூர்னா?

வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் எறிந்தேன். அக்கா பார்த்தாள்.

"அப்ப இதையும் விடப்போற."

"நான் எப்ப விடறேன்னு சொன்னேன்?"

"நீ எப்பவும் சொல்றதில்லையே. போகாம இருந்துடுவ. அவ்வளவுதான்."

வலிக்கிற இடமாகப் பார்த்துக் குத்துவதற்கு அக்காவைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் ஒன்று, இந்தத் தடவை எனக்குப் போக மனசு இல்லை. அந்தப் பின்பக்கத்து மண்ணைக் கையெழுத்துப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கவும் மனசு இல்லை. இது எப்போது வந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் நர்சரிக்குப் போனேன். தக்காளி நாற்று தீர்ந்துவிட்டதாம், கத்தரிதான் இருக்கிறது. "கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார் கடைக்காரர்.

எட்டு வயசுப் பிள்ளைங்க. என்ன தெரியப்போகுது?

ஜூலை 10, வியாழன்

காலை ஆறரைக்கே போய்விட்டேன். செத்ததைப் பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டேன். கத்தரியை நட்டேன். பெயர்க் குச்சிகளை அதே வரிசையில் குத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். அருமை. நானே நம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். "பொழச்சிடுச்சு!" என்று மேனேஜர் குதித்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ புரிந்துவிட்டது தெரிந்தது. கேள்விக்குறி மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து குந்தினாள்.

"மாமா, என் செடிக்கு நாலு இலை. இதுக்கு ஆறு."

"வளந்திருக்கும்."

"ஓட்டை எங்க?"

"அது... ஆறியிருக்கும்."

"இலையில ஓட்டை ஆறுமா?"

நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அதற்குள் அவள் இலையைத் தேய்த்து விரலை மோந்தாள். பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினாள். அவன் இன்னொருத்தியிடம். இருபத்திரண்டு மூக்கும் வேலை செய்து முடித்தன.

"வாசனையே இல்ல. இது தக்காளியே இல்ல மாமா."

"யாரோ திருடிட்டு வேறெதையோ வெச்சிட்டாங்க!" என்றான் மேனேஜர். "வாட்ச்மேன் மேலதான் சந்தேகம், கூப்பிடு. நீ கேட் கிட்ட நில்லு. நீ குப்பைக் குழியைத் தேடு."

குப்பைக் குழி! சொல்லி வாய் மூடவில்லை, ஒருவன் அங்கிருந்து கத்தினான். "இங்க கிடக்குது!"

சொல்லிவிடலாமா, வாட்ச்மேன் தலையில் போட்டுவிடலாமா — ஆமாம், அதையும் யோசித்தேன். இந்த டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்ற? ஆனால் மேனேஜர் செத்த தன் செடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். தத்து கொடுத்தவளிடம் அதை நீட்டினான். "நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்" என்றான்.

"நான்தான் மாத்தினேன்" என்றேன். "செத்துடுச்சு. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

அழுவார்கள் என்று நினைத்தேன். கேள்விக்குறிதான் முதலில், "எங்ககிட்டயா பயம்?"

"ஆமா."

"ஏன் செத்துச்சு?"

"தெரியல."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"இதுவரைக்கும் எல்லாமே முந்தின நாள்தான் படிச்சேன்."

அதுக்கு ஏன் எல்லாரும் சிரிச்சாங்கன்னு இன்னும் புரியல. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்ப கண்டுபிடிக்கலாம்" என்றான்.

செய்தித்தாளை விரித்து, நோட்டைப் பார்த்து எது யாருடையது என்று பிரித்து, எல்லாவற்றையும் வரிசையாகக் கிடத்தினோம். செல்போனில் பார்த்தோம், வேர் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். இது பழுப்பு, கொழகொழ, நாற்றம். செடி இருந்த இடத்தில் தோண்டினோம். ஒரு சாண்கூட இறங்கவில்லை, களைக்கொத்து டங்கென்று முட்டியது. கீழே சிமென்ட்! எந்தக் காலத்திலோ போட்ட தரை. அதன்மேல் தண்ணீர் குளமாக நிற்கிறது.

"யார் எத்தனை குவளை ஊத்தினீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு நாளைக்கு ஏழு."

"நானும் ஏழு."

"ஏழு பீரியடும் அமைதியா இருந்தோம் டீச்சர்."

என் அக்கா அப்படி முழித்து நான் பார்த்ததே இல்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். "நாளைக்கு நான் என்னடா செய்யப்போறேன்?"

"நாங்க இதையே காட்டறோம்" என்றாள் கேள்விக்குறி.

கத்தரியைக் காட்டலாமே என்று கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பச்சையா இருக்கே? இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில், "அது நம்மளது இல்ல." அதை வாளிக்கு மாற்றி வாட்ச்மேனுக்குக் கொடுத்தார்கள், சந்தேகப்பட்டதற்கு நஷ்டஈடாக.

ஜூலை 11, வெள்ளி

ஐந்தாம் வகுப்பு ராக்கெட் செய்திருந்தது. நாலாம் வகுப்பு மின்சார மணி. நாங்கள் நீள மேசையில் இருபத்திரண்டு செத்த செடி வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டையோடு. பிள்ளைகளே எழுதியது. நான் திருத்தவில்லை.

"வயது பதினைந்து நாள். இலை நாலு. ஓட்டை ஒன்று. சாவுக்குக் காரணம்: நான் ரொம்ப ஒழுங்காக இருந்தேன்."

"சாவுக்குக் காரணம்: தண்ணீர் போக வழி இல்லை. வேருக்கும் மூச்சு விட வேண்டும்."

மேனேஜரின் அட்டை: "இது என் தத்துச் செடி. நான் இதைத் தோண்டிப் பார்க்கவே இல்லை."

முதலில் யாரும் கிட்டே வரவில்லை. அப்புறம் ஓர் அம்மா ஓர் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார், அடுத்ததைப் படித்துவிட்டு நின்றார். ஓர் அப்பா மெதுவாக என் பக்கம் வந்து, "வீட்டுல எல்லாத் தொட்டியும் இப்படித்தாங்க சாகுது, அடியில ஓட்டை போடணுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கேள்விக்குறி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி டம்ளரில் ஒன்று, அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் ஒன்று என்று மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ராக்கெட் பக்கத்தில் கூட்டம் குறைந்துவிட்டது.

தலைமையாசிரியை வந்தார். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படித்தார். "ஒழுங்காக இருந்தேன்" அட்டைக்கு மட்டும் இரண்டு தடவை போனார். அக்கா சுவரோடு சுவராக நின்றாள்.

"பச்சையா ஒண்ணும் இல்லையே தம்பி."

"இல்ல மேடம்."

"வாட்ச்மேன் ரூம் வாசல்ல ஒரு வாளி நிறையப் பாத்தேனே?"

"அது இவங்க வளர்த்தது இல்ல மேடம். கடையில வாங்கினது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பேசலாம் என்று போய்விட்டார்.

ஜூலை 12, சனி

திங்கட்கிழமை வந்துவிட்டதா என்று காலண்டரை நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் சனிதான்.

ஜூலை 14, திங்கள்

அறிவிப்புப் பலகையில் புதுக் கால அட்டவணை. கையெழுத்துப் பயிற்சி, வியாழன் கடைசிப் பீரியட். தோட்டம், செவ்வாயும் வெள்ளியும். போன மாதம் அட்டவணையில் ஒன்றுதான் இருந்தது, மற்றதெல்லாம் அக்கா தன் பீரியடில் விட்டுக்கொடுத்தது.

அமைதிக்குக் குவளை கொடுக்கிற திட்டத்தை அக்கா நிறுத்திவிட்டாள். தலைமையாசிரியை வராந்தாவில் எதிரே வந்தபோது, "மூணாம் வகுப்புல சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 18, வெள்ளி

சிமென்டைக் கடப்பாரையால் உடைத்தோம். நான் உடைத்தேன், மருமக்கள் எண்ணினார்கள். நூற்று நாற்பத்தாறு அடி. கை இரண்டும் கொப்புளம். ஒரு முழம் ஆழத்துக்கு மண் புரட்டி, இலைச் சருகு போட்டு, ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஆளாளுக்குப் பந்தயம். குவளையால் ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். வேண்டாமாம், நிஜ மழைதான் வேண்டுமாம்.

ஜூலை 20, ஞாயிறு

மதியம் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலில் பட்பட்டென்று பெரிய பெரிய துளி. இதை எழுத ஆரம்பித்தபோது தூறல், இப்போது கொட்டுகிறது. கேள்விக்குறி அவள் அம்மா போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். "மாமா, தண்ணி நிக்குதா இறங்குதான்னு இப்பப் பாக்கலன்னா எப்பப் பாக்கறது? நாங்க ஸ்கூலுக்குக் கிளம்பிட்டோம். மேனேஜர் முன்னாடியே போயிட்டான், எங்களை வரிசையா வரச் சொல்லியிருக்கான்." அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்று கத்துகிறாள். குடை ஒன்றுதான் இருக்கிறது, அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். சரி, நான் போகணும்.