ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு திருகு

ஆயர் ஈத்தாம்
ஞாயிறு

அன்பு மகளே,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒரு வாரமாகக் கையெல்லாம் கிரீஸ்.

எங்கள் தொழிற்சாலைக் கணக்கர் அம்பிகைபாகனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அதன் டைமிங் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் அடிக்கடி தளர்ந்துவிடும். பெல்ட் நழுவினால் எஞ்சினே நொறுங்கிவிடும். மெஷின் படம் வரைவதுதானே என் வேலை, கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பெல்ட்டை அழுத்தும் உருளையைத் திருகால் இறுக்கி நிறுத்துவதுபோல் புதிதாக ஒன்று வரைந்தேன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருவரும் கூடவே நின்று லேத்தில் கடைந்து வாங்கினோம். முதலில் செய்தது பொருந்தவில்லை. அடுத்தது கச்சிதம்.

இன்று காலை அதைப் பூட்டியதும் அவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"எஞ்சின் போயிடுச்சின்னா?" என்றேன்.

"போனா போகட்டும்லா. நீங்க செஞ்சது, நீங்களே ஓட்டுங்க."

அணைக்கட்டுக்கு ஏறும் வளைவுகளில் வேகமாகவே ஓட்டினேன். கார் பாடிக்கொண்டே ஏறியது. மேலே நிறுத்திவிட்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். உன் அப்பா போன பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

அங்கே அவர் ஒன்று கேட்டார். மகளிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தீபாவளிக்கு நீ வரும்போது பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு அவரோடு அந்தக் காரில் வருகிறேன். அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம்.

"நீங்களும் மகளும் கார்ல வாங்க. நான் நடந்துபோய் ஃபெரி ஏறித் தீவுக்கு வந்துடுறேன்" என்கிறார்.

அன்புடன்,
அம்மா