பச்சை உடம்பும் முன்பல்லும்

மார்ச் 4, திங்கள்
பல் தேய்த்துத் துப்பினால் தண்ணீர் பிடிக்கிற பீலியடி முழுக்க இரத்தம். மேல் முன்பல் வேறு ஆடுகிறது. வயிற்றில் ஏழு மாதம். மூத்தவளைப் பெற்ற வருஷம் கடைவாய்ப் பல் போனது. இப்போது இதுவா?

மாமியாரிடம் காட்டினேன். "ஒவ்வொரு புள்ளையும் தாய்கிட்ட ஒரு பல்ல வாங்கிக்கிட்டுத்தான் வரும். நான் அஞ்சு பெத்தேன், பாரு" என்று பொக்கை வாயைத் திறந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6
இன்று கண்ணாடி பார்க்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்
கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் பல் டாக்டருக்குத் துண்டு எழுதித் தந்தார். வீட்டில் இவர், என் புருஷன், ஒரே பிடி: "மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது. புள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா?"

ஐயோ. பல்லா பிள்ளையா என்றால் பிள்ளைதான். ஆனாலும் இந்த வயதிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவா? இப்படி நினைக்கிறது பாவமா?

மார்ச் 19, செவ்வாய்
யாரிடமும் சொல்லாமல் பலாங்கொடை டவுனுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே பல் டாக்டர் ஒரு பெண்; அந்த நோனா சிங்களத்தில் சொன்னார்: பிள்ளை பல்லை எடுக்காது, ஈறுதான் கெட்டுப்போயிருக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பிறகு தேய்த்தாயா என்று கேட்டார். எங்கே தேய்ப்பது? பச்சை உடம்பில் பிரஷ் பட்டால் பல் ஆடிவிடும் என்று, பெற்று முப்பது நாள் கழிந்து தலைமுழுகும்வரை எங்கள் தோட்டத்து லயத்தில் யாரும் தேய்ப்பதில்லை. காலையும் மாலையும் கித்துள் கருப்பட்டி போட்ட மருந்துச் சரக்கு உருண்டை மட்டும் தின்போம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஈறைச் சுத்தம் செய்தார். இந்த முறை ஒரு நாளும் விடாமல் தேய்த்தால் பல் நிற்கலாம். நிற்கலாம்தான் — நிற்கும் என்று சொல்லவில்லையே.

வரும் வழியெல்லாம் வயிற்றிலேயே கை. பிள்ளை அசைந்தது. அப்பாடா.

ஏப்ரல் 2
இவரிடம் சொல்லிவிட்டேன். கத்தி ஓய்ந்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத" என்றார். சொல்லாமல் எப்படித் தேய்ப்பேன்? பிள்ளைகள் உங்கள் பல்லை எடுக்கவில்லை என்று மாமியாரிடம் எந்த வாயால் சொல்வேன்?

மே 26, ஞாயிறு
மகனோடு வீட்டுக்கு வந்தாச்சு. மாமியார் என் பிரஷை ஒளித்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்ப என் பல்லு?" என்றார். எழுந்து போய்விட்டார்.

மே 27
காலையில் மாமியார் செம்பில் வெந்நீரும் பக்கத்தில் பிரஷும் வைத்திருந்தார். "கதவச் சாத்திக்கிட்டுத் தேய். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி பாத்தா என்னயத்தான் ஏசுவா."

தேய்த்தேன். இரத்தம் வந்தது. பல் ஆடுகிறது, இருக்கிறது.

திரும்பி வந்தபோது மகனை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். "நீ எடுக்கலியாம்டா. உங்கப்பனும் எடுக்கலியாம்."